பால்மரம் போற்றிய ரிட்லி

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலையின் உச்சியில் தீபம் ஏற்றப்பெறும் நாளன்று, நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் அந்நகரை நோக்கி வெள்ளம்போல் திரண்டு வருகின்றனர். செங்கம் சாலையிலும் போளூர்ச் சாலையிலும் திருக்கோவலூர்ச் சாலையிலும் பேருந்துகளும் உந்து வண்டிகளும் மிதிவண்டிகளும் இடையறாது செல்கின்றன. அவ்வண்டிகள் அனைத்தையும் தாங்கி உருள்வது இரப்பர் ஆகும். மழை நாளில் நாம் அணியும் மேலாடையும், எழுத்தை அழிக்கும் துண்டும், மருத்துவர் கையில் அணியும் உறையும் இரப்பரால் ஆனவையே.

ஆயினும், இரப்பர் தரும் மரத்தைத் திருவண்ணாமலை வட்டாரத்தில் காண இயலாது. ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டாயிரம் மில்லி மீட்டர் மழை பரவலாகப் பெய்யும் வெப்ப நாடுகளிலேயே அம்மரம் செழித்து வளரும். ஏரிப் பாசனத்தையும் கிணற்றுப் பாசனத்தையும் நம்பி, நெல்லும் வேர்க்கடலையும் விளைவிக்கும் இவ்வட்டாரத்தில் அதற்கு இடமில்லை. எனினும், இவ்வட்டாரத்துச் சிற்றூர்களுக்கும் அம்மரத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. மழை பொய்த்த காலங்களில் இவ்வூர்களிலிருந்து கடல் கடந்து சென்ற எண்ணற்ற குடும்பங்கள், மலாய் நாட்டில் அம்மரத்தின் அடியிலேயே தம் வாழ்நாளைக் கழித்தன. அந்நாட்டில் இரப்பர்த் தோட்டங்கள் தோன்றுவதற்குக் காரணமாய் இருந்த அறிஞர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி என்பவர்.

இளமையும் கல்வியும்

ரிட்லி, இங்கிலாந்து நாட்டில் நார்போக் பகுதியைச் சேர்ந்த மேற்கு ஹார்லிங் என்னும் ஊரில் 1855ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் பிறந்தார். அவருடைய தந்தையார் ஒரு சமயகுரு. சிறு பருவத்திலேயே அன்னையை இழந்த ரிட்லி, செடி கொடிகளிலும் பூச்சிகளிலும் பறவைகளிலும் தம் உள்ளத்தைப் பறிகொடுத்தார். பின்னர் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். நிலவியலிலும் அவர் சிறந்து விளங்கினார். 1880ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரிலுள்ள பிரித்தானியப் பொருட்காட்சிச் சாலையின் தாவரப் பிரிவில் அவருக்கு வேலை கிடைத்தது. உலர்ந்த செடிகளை வகைப்படுத்தி வைப்பது அவருடைய பணி. உலர்ந்த செடிகளைவிட உயிருள்ள காடுகளையே அவர் உள்ளம் நாடியது. 1887இல் பிரேசில் நாட்டின் கரைக்கு அப்பாலுள்ள ஒரு தீவிற்குச் சென்று, அங்குள்ள உயிரினங்களை ஆராய்ந்து வந்தார். அடுத்த ஆண்டே அவர் விரும்பிய வாய்ப்பு வந்தது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று, 1888ஆம் ஆண்டின் இறுதியில் அவர் அத்தீவில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பத்து மூன்று.

கடல் கடந்து வந்த விதைகள்

இரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவில் உள்ள அமேசான் ஆற்றுப் பெருங்காடு. அக்காட்டு மக்கள் மரத்தைக் கீறி, வடியும் பாலை உறையச் செய்து, பந்தும் காலணியும் செய்து பயன்படுத்தினர். அப்பொருள் வெயிலில் இளகும்; குளிரில் விறைக்கும். 1839ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர், இரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் அக்குறைகள் நீங்கும் என்று கண்டார். அன்றுமுதல் உலகெங்கும் இரப்பருக்குத் தேவை மிகுந்தது. ரிட்லி சிங்கப்பூரை அடைந்த அதே 1888ஆம் ஆண்டில், டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் மிதிவண்டிக்குக் காற்றடைத்த இரப்பர்ச் சக்கரத்தை அமைத்தார். அதனால் தேவை பன்மடங்கு பெருகியது.

அக்காலத்தில் உலகிற்குக் கிடைத்த இரப்பரில் பெரும்பகுதி காட்டு மரங்களிலிருந்தே வந்தது. பால் எடுப்போர் கோடரியால் மரத்தை வெட்டினர். பல இடங்களில் மரங்கள் பட்டுப்போயின. மக்கள் பட்ட துன்பமோ அதனினும் பெரிது. ஆப்பிரிக்காவின் காங்கோ நாட்டிலும், அமேசான் பகுதியைச் சேர்ந்த புட்டுமாயோ ஆற்றங்கரையிலும், குறித்த அளவு இரப்பர் கொண்டு வராத மக்கள் கொடுந்தண்டனைக்கு ஆளாயினர். மரத்தையும் மனிதரையும் ஒருங்கே அழித்த தொழிலாக அஃது இருந்தது.

இரப்பர் மரத்தைத் தம் ஆட்சியிலிருந்த கீழை நாடுகளில் பயிரிட ஆங்கில அரசினர் விரும்பினர். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹாம் என்பவர், அமேசான் பகுதியில் ஏறத்தாழ எழுபதாயிரம் விதைகளைத் திரட்டி, இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் கொண்டுவந்து சேர்த்தார். இரப்பர் விதையின் உயிர் சில வாரங்களே நிலைக்கும். ஆதலின், ஏறத்தாழ இரண்டாயிரத்து எழுநூறு விதைகளே முளைத்தன. நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பெற்று, கொழும்பை அடுத்த ஹேனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பெற்றது. 1877இல் இருபத்திரண்டு நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் சில பேராக் பகுதியிலுள்ள கோலகங்சாருக்குச் சென்றன. எஞ்சியவை சிங்கப்பூர்த் தோட்டத்தில் வளர்ந்தன. பதினோர் ஆண்டுகள் கழித்து ரிட்லி பொறுப்பேற்றபோது, அவை நெடிது ஓங்கி நின்றன. ஆனால், அவற்றால் ஆகும் பயனை எவரும் பொருட்படுத்தவில்லை.

கொல்லாமற் கறக்கும் முறை

ரிட்லியின் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. மரத்திற்கு ஊறு நேராமல், நாள்தோறும் பால் எடுக்கும் வழி உண்டா என்பதே அவ்வினா. கறவை மாட்டை வளர்ப்பவன் மடியை அறுத்துப் பால் கொள்வதில்லை. மடியைப் பேணிக் கறப்பவனுக்கே மறுநாளும் பால் கிடைக்கும். மரத்தினிடமும் அத்தகைய முறை ஒன்று இருத்தல் வேண்டும் என்று அவர் எண்ணினார். 1889ஆம் ஆண்டு தொடங்கிப் பல ஆண்டுகள் இவ்வாராய்ச்சியில் ஈடுபட்டார்.

இரப்பர் மரத்தில் பால் ஓடும் நுண்குழல்கள் பட்டையின் உட்பகுதியில் உள்ளன. பட்டைக்கும் உள்கட்டைக்கும் இடையே மிக மெல்லிய படலம் ஒன்று உண்டு. மரத்தைப் பருக்கச் செய்வதும் புதிய பட்டையைத் தோற்றுவிப்பதும் அப்படலமே. கோடரி வெட்டு அப்படலத்தைத் துளைத்துவிடும்; வெட்டுப்பட்ட இடம் முண்டும் முடிச்சுமாக மாறும்; மீண்டும் அங்கே பால் எடுக்க இயலாது. ஆகவே, வெட்டு அப்படலத்தைத் தொடாமல், பட்டையின் அளவிலேயே நிற்றல் வேண்டும் என்று ரிட்லி தெளிந்தார்.

மற்றோர் உண்மையையும் அவர் கண்டார். நாள்தோறும் புதிய இடத்தில் கீறுவதைவிட, முன்னாள் கீறிய காயத்தின் விளிம்பிலேயே மெல்லிய சீவல் ஒன்றை நீக்கினால் பால் மிகுதியாக வடிந்தது. முதல் நாள் சில துளிகளே தந்த மரம், அடுத்தடுத்த நாள்களில் மேலும் மேலும் பால் சுரந்தது. இதனால் ஒரு சிறு பரப்பிலுள்ள பட்டையைக்கொண்டே நெடுநாள் பால் எடுக்க முடிந்தது. சீவிய இடத்தில் சில ஆண்டுகளில் புதுப்பட்டை வளர்ந்தது. அதிலும் பால் எடுக்கலாயிற்று. நடுவே நேராக ஒரு கால்வாயும், அதன் இருமருங்கும் சாய்ந்து இறங்கும் கீறல்களுமாக அவர் அமைத்த வெட்டு, மீனின் முள்ளை ஒத்திருந்தது. அம்முறையை அவர் 1897ஆம் ஆண்டளவில் உலகிற்கு அறிவித்தார். பிற்காலத்தில் வெட்டின் வடிவம் எளிமையாயிற்று. மரத்தின் சுற்றளவில் பாதியளவிற்குச் சாய்வாக இறங்கும் ஒரே வெட்டு வழக்கில் வந்தது. எனினும், காயத்தின் விளிம்பைச் சீவுதல், உட்படலத்தைக் காத்தல் என்னும் இரண்டு நெறிகளும் இன்றுவரை மாறவில்லை.

பித்தர் என்னும் பெயர்

அறிவு கிடைத்ததும் உலகம் அதனை ஏற்றுக்கொள்ளும் என்று எண்ணுதல் தவறு. அக்காலத்தில் மலாய் நாட்டுத் தோட்ட முதலாளிகள் காப்பி பயிரிட்டு நல்ல வருவாய் ஈட்டினர். நட்ட ஆண்டிலிருந்து ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்தாலன்றி இரப்பர் மரம் பயன் தராது. எனவே, ரிட்லியின் சொல்லை எவரும் செவிமடுக்கவில்லை. அவரோ சோர்வடையவில்லை. தம்மைக் காண வருவோரிடமெல்லாம் இரப்பரைப் பற்றியே பேசினார். ஊர்தோறும் சென்று தோட்டக்காரர்களைக் கண்டார். அவர்கள் வேண்டாமென்று மறுத்தாலும், அவர்களுடைய சட்டைப் பையில் விதைகளைத் திணித்து அனுப்பினார். மக்கள் அவரை நகைத்து, இரப்பர்ப் பித்தர் என்று அழைத்தனர். அப்பெயரையும் அவர் பொருட்படுத்தவில்லை.

முதலில் அவருடைய சொல்லை ஏற்றவர்களுள் ஒருவர், மலாக்காவைச் சேர்ந்த தான் சே யான் என்னும் சீன வணிகர். அவர் 1896ஆம் ஆண்டில் ரிட்லியிடம் விதைகளைப் பெற்று, புக்கிட் லிந்தாங் என்னும் இடத்தில் நாற்பது ஏக்கர் அளவில் இரப்பர் பயிரிட்டார். அம்முயற்சி வெற்றி பெறவே, புக்கிட் அசாகான் என்னும் இடத்தில் பெருந்தோட்டம் ஒன்றையும் அமைத்தார். அதே காலத்தில் பிரேசில் நாட்டில் காப்பி விளைச்சல் அளவுகடந்து பெருகியது. உலகச் சந்தையில் அதன் விலை சரிந்தது. நட்டத்திற்கு ஆளான மலாய் நாட்டுத் தோட்டக்காரர்கள் மாற்றுப்பயிரைத் தேடினர். அப்போது அவர்களுக்கு நினைவு வந்தவர், தாம் நகைத்து ஒதுக்கிய ரிட்லியே. விதையும் ஆயத்தமாய் இருந்தது. பால் எடுக்கும் முறையும் ஆயத்தமாய் இருந்தது.

மோட்டார் வண்டிகள் பெருகப் பெருக, இரப்பரின் விலை ஏறியது. 1910ஆம் ஆண்டில் ஒரு பவுண்டு இரப்பர் பன்னிரண்டு ஷில்லிங்குக்கு மேல் விற்றது. 1913ஆம் ஆண்டில் கீழை நாட்டுத் தோட்ட இரப்பர், அமேசான் காட்டு இரப்பரை அளவில் விஞ்சியது. சிங்கப்பூர்த் தோட்டத்திலிருந்து மட்டும் 1917ஆம் ஆண்டிற்குள் எழுபது இலட்சத்திற்கும் மேற்பட்ட விதைகள் பிற இடங்களுக்கு அனுப்பப்பெற்றன.

மரம் வளர்ப்பும் பால் வெட்டும்

இரப்பர்க் காய் முற்றி உலர்ந்ததும் ஓசையுடன் வெடித்து, தன்னுள் இருக்கும் மூன்று விதைகளையும் தொலைவில் தெறிக்கச் செய்யும். அவ்விதைகளை உடனே நாற்றங்காலில் இட்டு முளைக்கச் செய்வர். தொடக்கக் காலத்தில் விதையிலிருந்து வந்த மரங்களையே தோட்டங்களில் வளர்த்தனர். அவற்றுள் சில மிகுதியாகவும், சில குறைவாகவும் பால் தந்தன. பின்னர், 1916ஆம் ஆண்டளவில் சாவகத் தீவில் ஒல்லாந்தர் ஒட்டு முறையைக் கண்டனர். பால் வளம் மிக்க மரத்தின் மொட்டை ஒரு துண்டுப் பட்டையுடன் எடுத்து, இளஞ்செடியின் அடிப்பட்டைக்குள் செருகிக் கட்டுவர். அம்மொட்டு ஒட்டிக்கொண்டதும் செடியின் மேற்பகுதியை நறுக்கிவிடுவர். மொட்டிலிருந்து தளிர்த்து வளரும் மரம், தாய் மரத்தின் வளத்தைப் பெற்றிருக்கும். இன்று பெரும்பாலான தோட்டங்களில் ஒட்டு மரங்களே உள்ளன.

ஆறேழு ஆண்டுகளில் மரம் தக்க பருமனை அடைந்ததும் பால் வெட்டு தொடங்கும். கதிரவன் ஏறி வெப்பம் மிகுந்தால் பால் வடிவது குறையும். ஆதலின், பொழுது புலருமுன்னரே வெட்டுதல் வேண்டும். பட்டை மிகுதியாகச் சீவப்பட்டால் மரத்தின் வாழ்நாள் குறையும். குறைவாகச் சீவப்பட்டால் பால் வாராது. ஆழமாக இறங்கினால் மரம் புண்படும். இவ்வளவும் உளி பிடிக்கும் கையின் நுட்பத்தைப் பொறுத்தது. வடியும் பால் இரண்டு மூன்று மணி நேரத்தில் நின்றுவிடும். அதனைத் திரட்டி, வடிகட்டி, சிறிது அமிலம் சேர்த்து உறையச் செய்வர். உறைந்த கட்டியை உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக்கி, புகைக்கூடத்தில் உலர்த்துவர். பழுப்பு நிறமான அத்தகடுகளே ஆலைகளுக்குச் செல்லும்.

தமிழர் உழைப்பு

ரிட்லி கண்ட முறையைக் கோடிக்கணக்கான மரங்களில் நாள்தோறும் செயற்படுத்தியவர்கள் யாவர்? அவர்களுள் பெரும்பகுதியினர் தமிழர். தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு ஆகிய மாவட்டங்களிலிருந்து அவர்கள் சென்றனர். இன்று திருவண்ணாமலை மாவட்டமாக விளங்கும் நிலப்பகுதி அக்காலத்தில் ஆர்க்காட்டு மாவட்டங்களில் அடங்கியிருந்தது. முதலில் ஒப்பந்தக் கூலிகளாகவும், பின்னர்க் கங்காணிகள் வாயிலாகவும் ஆள் திரட்டப்பெற்றது. 1910ஆம் ஆண்டில் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. கங்காணி முறை 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை விதிக்கும்வரை நீடித்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய அம்மக்கள், பினாங்குத் துறைமுகத்தில் இறங்கித் தோட்டங்களுக்குச் சென்றனர்.

அவர்களுடைய நாள், விடியுமுன்னர்ப் பிரட்டுக் களத்தில் தொடங்கியது. ஆணும் பெண்ணும் உளியை ஏந்தி, தமக்கென ஒதுக்கப்பெற்ற நிரைகளில் மரம் மரமாகச் சென்று பட்டையைச் சீவினர். ஒவ்வொரு மரத்தடியிலும் மங்கு வைத்துப் பால் ஏந்தினர். வாளிகளைச் சுமந்து நிறுவைக்குக் கொண்டு சென்றனர். காயத்தில் உறைந்து நின்ற ஒட்டுப்பாலையும் வீணாக்காமல் திரட்டினர். லயங்களில் நெருக்கமாக வாழ்ந்தனர். புதிதாகத் திருத்திய காடுகளில் மலேரியாக் காய்ச்சல் பரவியது. அதற்கு இரையானோர் பலர். கொசு ஒழிப்பும் மருத்துவமும் பரவிய பின்னரே அக்கொடுமை தணிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியர் சயாமிற்கும் பர்மாவிற்கும் இடையே இருப்புப்பாதை அமைக்கத் தோட்டத் தமிழரைப் பல்லாயிரவராகக் கொண்டு சென்றனர். 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் அங்கு மாண்டவர் பலர். ஊர் திரும்பாதோரை எண்ணி அழுத குடும்பங்கள் பல.

மரத்தை வருத்தாமல் பால் பெறும் நெறியை அறிவியல் கண்டது. உழைப்பவரை வருத்தாமல் பயன் பெறும் நெறியை உலகம் அத்துணை விரைவாகக் கற்றுக்கொள்ளவில்லை. அதனைத் தோட்ட மக்களே சங்கம் அமைத்தும், தம் மக்களைப் படிக்கவைத்தும், பல்லாண்டு முயன்று சிறிது சிறிதாகப் பெற வேண்டியதாயிற்று.

ஓய்வும் நூற்பணியும்

ரிட்லி இரப்பரோடு தம் ஆராய்ச்சியை நிறுத்திக்கொள்ளவில்லை. மலாய்க் காடுகளில் அலைந்து ஆயிரக்கணக்கான செடிகளைத் திரட்டினார். சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோக்கிம் என்னும் பெண்மணியின் தோட்டத்தில் மலர்ந்த புதுவகை ஆர்க்கிட் மலரை 1893ஆம் ஆண்டில் அறிவியல் உலகிற்கு அறிமுகம் செய்தவர் அவரே. அம்மலர் 1981ஆம் ஆண்டு முதல் சிங்கப்பூரின் தேசிய மலராக விளங்குகிறது. 1907இல் இலண்டன் இராயல் கழகம் அவரை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது.

1912ஆம் ஆண்டில் அவர் ஓய்வு பெற்று, தாயகம் திரும்பி, கியூ தோட்டத்தின் அருகிலேயே குடியமர்ந்தார். ஓய்வு என்பது அவருக்குப் பெயரளவில்தான் இருந்தது. மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1922 முதல் 1925 முடிய ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். உலகெங்கும் தாவரங்கள் பரவும் வகைகளை ஆராய்ந்து, மற்றொரு பெருநூலை 1930இல் வெளியிட்டார். காற்றும் நீரும் பறவையும் விலங்கும் விதைகளைச் சுமந்து செல்லும் திறத்தை விரித்துரைத்த அவரே, ஒரு காலத்தில் பிறர் சட்டைப் பைகளின் வாயிலாக விதை பரப்பியவர் என்பது நினைந்து மகிழ்தற்குரியது.

நூறாண்டுகளை நிறைவு செய்த ரிட்லி, 1956ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 24ஆம் நாள் கியூவில் இயற்கை எய்தினார். அடுத்த வாரமே, நவம்பர் முதல் நாளில், திருவிதாங்கூரின் தென்பகுதியான கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்தது. தமிழகத்தில் இரப்பர் மரம் செழிக்கும் நிலம் அதுவே. அங்கே 1984ஆம் ஆண்டில் அரசு இரப்பர்க் கழகம் ஒன்று நிறுவப்பெற்றது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு வேலையளிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. ஒரு தலைமுறை கடல் கடந்து கற்ற தொழில், மறு தலைமுறைக்குத் தாய்நாட்டிலேயே வாழ்வளித்தது.

முடிவுரை

இன்று வேதியியல் முறையில் செய்யப்பெறும் செயற்கை இரப்பர் பெருகியுள்ளது. எனினும், வானூர்திகளின் சக்கரங்களுக்கும் பெருஞ்சுமை வண்டிகளின் சக்கரங்களுக்கும் மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் இரப்பர் இன்றியமையாததாகவே இருக்கிறது. ஆகவே, இன்றும் விடியற்காலையில் எங்கேனும் ஓர் உளி, உட்படலத்தைத் தொடாமல், பட்டையின் விளிம்பை மெல்லச் சீவிக்கொண்டே இருக்கிறது.

பிறர் நகைத்தபோதும் தளராமல், மரத்தைப் பேணிப் பயன்கொள்ளும் வழியைக் கண்டவர் ரிட்லி. அவ்வழியைத் தம் கைத்திறத்தாலும் வியர்வையாலும் நிலைநாட்டியவர்கள் பெயர் அறியப்படாத தோட்டத் தொழிலாளர். அறிஞரின் பெயரை உலகம் நூல்களில் எழுதி வைத்துள்ளது. உழைத்தோரின் பெயரையும் நினைந்து போற்றுதல், அவர்கள் பிறந்த மண்ணைச் சேர்ந்த நம் கடமையாகும்.